வாஹாக்கா கிராமத்தில் குறும்புக்கார நாயோடு ஓராண்டு: தண்ணீர்க் குழாய் முதல் வாண வெடி வரை

உங்கள் கேள்வி இது: ஹூஸ்டனில் இருக்கும் நீங்கள் இருவரும் மெக்சிகோவின் வாஹாக்கா மாநிலத்தில், த்லாக்கோலூலா பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஓராண்டுக்கு வீடு எடுத்திருக்கிறீர்கள். ஒன்பது மாத வயது, 12 கிலோ எடை, கண்டதையெல்லாம் கடிக்கிற நாய் ஒன்றும் கூட வருகிறது. அன்றாடம் எப்படி இருக்கும், எங்கே போய்வரலாம், நாயை எப்படிச் சமாளிப்பது?

மூன்றையும் தனித்தனியாகப் பிரித்துச் சொல்ல முடியாது. அந்த ஊர்களில் தண்ணீர்க் குழாய் தரைக்கு மேலே ஓடும். ஊறிய மக்காச்சோள வாளி முற்றத்தில் இருக்கும். பக்கத்து வீட்டு வான்கோழி உங்கள் வாசல் வரை மேய்ந்துவிட்டுப் போகும். அடுக்குமாடியில் செருப்பைக் கடித்த நாய் இங்கே ஒரு தெருவின் தண்ணீரை நிறுத்திவிடும். ஆகவே வீட்டு ஏற்பாடு ஒவ்வொன்றையும் நாயை மனத்தில் வைத்தே செய்யுங்கள்.

நாயைக் கொண்டுவருவது இதில் சுலபமான பகுதி. அமெரிக்காவிலிருந்து வரும் நாய்க்கு 2019 டிசம்பர் முதல் மெக்சிகோ சுகாதாரச் சான்றிதழ் கேட்பதில்லை. விமான நிலையத்தில் செனாசிகா என்ற விலங்கு நலத் துறையின் மேசையில் நாயைப் பார்ப்பார்கள். உண்ணி இருக்கிறதா, ஆறாத புண் இருக்கிறதா என்பதுதான் முக்கியம். கூண்டு சுத்தமாக இருக்க வேண்டும். உள்ளே விரிப்பு, மரத்தூள், மெல்லும் பொம்மை இருந்தால் எடுத்துவிடுவார்கள். தீனி அன்றைய ஒரு வேளைக்கு மட்டும் போதும். சான்றிதழ் கேட்பதில்லை என்பதால் வெறிநாய்த் தடுப்பூசி அட்டையை வீட்டிலேயே விட்டுவிடாதீர்கள். உள்ளூரில் யாரையாவது நாய் கடித்துவிட்டால் முதலில் கேட்கப்படுவது அதுதான்.

திரும்பும்போது வேலை கூடுதல். 2024 ஆகஸ்ட் 1 முதல் அமெரிக்காவுக்குள் வரும் எந்த நாய்க்கும் ஆறு மாதம் நிரம்பியிருக்க வேண்டும், மைக்ரோசிப் இருக்க வேண்டும், அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசியின் படிவத்தையும் நிரப்ப வேண்டும். சிப்பை ஹூஸ்டனிலேயே போட்டுவிட்டு வாருங்கள்.

இனி வீடு. கூரைமேல் கறுப்பாக ஒரு தொட்டி நிற்கும், தினாக்கோ என்பார்கள். பெரும்பாலும் 1,100 லிட்டர். இருவர் சிக்கனமாக ஆளுக்கு நாளொன்றுக்கு 100 லிட்டர் செலவழித்தால் ஐந்து நாள் வரும். ஊர்க் குழாயில் தினமும் தண்ணீர் வராது. வாரத்தில் குறிப்பிட்ட நாள், குறிப்பிட்ட நேரம் என்று முறை வைத்திருப்பார்கள். வந்த முதல் நாளே உங்கள் தெருவின் முறையைக் கேட்டு எழுதி வையுங்கள். நவம்பர் முதல் ஏப்ரல் வரை மழை பெரும்பாலும் கிடையாது. மார்ச், ஏப்ரலில் முறை தள்ளிப்போகும். அப்போது பீப்பா எனப்படும் தண்ணீர் லாரியைக் கூப்பிட வேண்டும். ஒரு லாரி வழக்கமாக 10,000 லிட்டர். அதை வாங்கி வைக்கத் தரைக்குக் கீழே சிஸ்தெர்னா என்ற நிலத்தொட்டி இருக்கிறதா என்று வீட்டுக்காரரிடம் இப்போதே கேளுங்கள். இல்லையென்றால் லாரி வந்தும் பயனில்லை. இருந்தால் அதன் மூடியைத் தூக்கிப் பாருங்கள். பல வீடுகளில் வெறும் தகரத் துண்டு ஒன்றைப் போட்டு மேலே கல் வைத்திருப்பார்கள். ஒன்பது மாத நாய் அதைத் தள்ளிவிடும், உள்ளே விழுந்தால் ஏறிவர முடியாது. கொக்கி போட்ட இரும்பு மூடி போட்ட பிறகு நாயை முற்றத்தில் விடுங்கள்.

ஊர்க் குழாயிலிருந்து வீட்டுக்குத் தண்ணீர் பெரும்பாலும் கறுப்பு பாலிதீன் குழாயில் வரும். வேலியோரமாகத் தரையில் கிடக்கும், வெயிலில் மெத்தென்று இருக்கும், உள்ளே தண்ணீர் ஓடும் சத்தம் கேட்கும். குட்டி நாய்க்கு இதைவிட நல்ல கடிபொருள் கிடையாது. குழாயை 20 முதல் 30 சென்டிமீட்டர் ஆழத்தில் புதைப்பதுதான் தீர்வு. மிளகாய்த்தூள் தடவச் சொல்வார்கள். ஒரு மழையில் கரைந்துபோகும், அதற்குள் நாயின் கண்ணைத்தான் எரிக்கும். கடித்துவிட்டால் செய்ய வேண்டியது: தெருவின் அடைப்பு வால்வை மூடுங்கள். பல் பட்ட இடத்துக்கு இருபுறமும் இரண்டிரண்டு சென்டிமீட்டர் தள்ளி, நேராக வெட்டுங்கள். சாய்வாக வெட்டினால் கசியும். இரண்டு முனைகளையும் அரை நிமிடம் வெந்நீரில் முக்கி இளக்கி, பல்வரி உள்ள இணைப்பானை முழுதாக உள்ளே தள்ளி, இரண்டு பக்கமும் எஃகு கிளாம்ப் போட்டு முறுக்குங்கள். இணைப்பான் இரண்டும் கிளாம்ப் நான்கும் ஹார்டுவேர் கடையில் வாங்கிக் கைவசம் வையுங்கள். அங்கே அதற்கு ஃபெர்ரெத்தெரீயா என்று பெயர். அரை அங்குலமா முக்கால் அங்குலமா என்று அளந்துகொண்டு போங்கள்.

குடிக்கும் தண்ணீர் வேறு. 20 லிட்டர் கேன், கர்ரஃபோன் என்று கூவிக்கொண்டு வண்டி வரும். வெற்றுக் கேனைக் கொடுத்து நிரம்பியதை வாங்க வேண்டும். நாய்க்கும் அதையே ஊற்றுங்கள். முதல் இரண்டு வாரம் வயிற்றுப்போக்கு வந்தால், தண்ணீரைச் சந்தேகப்படும் முன் நாய் தெருவில் என்ன தின்றது என்று பாருங்கள்.

சமையல் எரிவாயுவும் தெருவுக்கே வரும். ஒன்று தீரும்போது மாற்ற இரண்டு சிலிண்டர் வைத்துக்கொள்ளுங்கள். குப்பை லாரி மணியடித்துக்கொண்டு வரும், நீங்களே பையைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். முந்தின இரவே வாசலில் வைத்தால் தெருநாய்கள் கிழித்து இறைத்துவிடும், ஊரார் கண்ணில் அது உங்கள் நாயின் வேலையாகத்தான் படும். வாசல் சுவரில் ஆளுயரத்தில் ஆணி அடித்து அதில் மாட்டுங்கள். கழிப்பறைக் காகிதத்தைத் தண்ணீரோடு விடக்கூடாது. பக்கத்தில் கூடை இருக்கும், அதில் போட வேண்டும். அந்தக் கூடைக்கு மூடி தேவை, காரணம் நாய்தான்.

சாப்பாட்டு விஷயத்தில் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன். அங்கத்து வாழ்க்கையின் நடுநாயகம் மக்காச்சோளம். ஊரில் மாவு மில் இருக்கும், விடிகாலையில் பெண்கள் வாளியோடு வரிசையில் நிற்பார்கள். நீங்களும் செய்யலாம். ஒரு கிலோ காய்ந்த மக்காச்சோளத்துக்கு இரண்டரை லிட்டர் தண்ணீர், 10 கிராம் உணவுச் சுண்ணாம்பு. நம் வெற்றிலைக்குப் போடும் அதே நீற்றிய சுண்ணாம்புச் சரக்குதான். சுண்ணாம்பைத் தண்ணீரில் கரைத்துச் சோளத்தைக் கொட்டி, தளதளவென்று கொதிக்க விடாமல் மிதமான தீயில் 40 நிமிடம் வையுங்கள். ஒரு மணியை விரலிடையில் தேய்த்தால் தோல் வழுக்கிக்கொண்டு வர வேண்டும். அந்தப் பதத்தில் இறக்கி, இரவு முழுக்க ஊறவிட்டு, காலையில் இரண்டு முறை கழுவி மில்லுக்கு எடுத்துப் போங்கள். ஏறத்தாழ இரண்டு கிலோ மாவு வரும். சுண்ணாம்பு கூடினால் மாவு மஞ்சளாகிச் சோப்பு வாடை அடிக்கும். வெந்தது அதிகமானால் பிசுபிசுத்துக் கையில் ஒட்டும். தேய்த்துத் தேய்த்துக் கழுவினால் தொர்த்தீயா என்ற சோள ரொட்டியைத் தட்டும்போது விளிம்பு வெடிக்கும். இந்தச் சுண்ணாம்பு வெறும் தோல் உரிக்கும் வேலை மட்டும் செய்வதில்லை. சோளத்துக்குள் உடலுக்கு எட்டாமல் கட்டுண்டு கிடக்கும் நயாசின் என்ற வைட்டமினை விடுவிக்கிறது. ஐரோப்பா மக்காச்சோளத்தை மட்டும் எடுத்துக்கொண்டு இந்த முறையை விட்டுவிட்டது. அதனால்தான் சோளத்தையே நம்பி வாழ்ந்த ஏழைகளிடம் நயாசின் குறைவால் வரும் பெலாக்ரா நோய் பரவியது.

ஊறவைத்த வாளியில் மிஞ்சும் மஞ்சள் நீர் காரம் மிகுந்தது, நாய் குடிக்கக் கூடாது. நீற்றாத சுண்ணாம்புக் கட்டி இன்னும் மோசம், நாக்கை வெந்துபோக வைக்கும். இரண்டையும் உயரத்தில் வையுங்கள்.

நாயின் வயிற்றுக்கு அந்த ஊரில் உண்மையான எமன் சோளக்கட்டைதான். சுட்ட சோளம் விற்கும் இடமெங்கும் தின்று போட்ட கட்டை கிடக்கும். 12 கிலோ நாய் அதை இரண்டு துண்டாக விழுங்கும். கட்டை செரிக்காது, சிறுகுடலில் அடைத்துக்கொள்ளும். எக்ஸ்ரேயில் தெளிவாகத் தெரியாமலும் போகலாம். சாப்பிட்டதெல்லாம் வாந்தியாகிறது, மலம் போகவில்லை, வயிறு இறுகியிருக்கிறது என்றால் மறுநாள் வரை காத்திருக்க வேண்டாம். அறுவைசிகிச்சை செய்யும் மருத்துவர் வாஹாக்கா நகரத்தில்தான் கிடைப்பார். தமால் என்ற வேகவைத்த சோளமாவுப் பண்டத்தைச் சுற்றிய சோளத்தோகை, மாங்கொட்டை, அவகாடோ கொட்டை எல்லாம் இதே கணக்கு. சாக்லேட் இன்னொரு ஆபத்து. வீடுதோறும் உருண்டையாகவோ வில்லையாகவோ இருக்கும், மோலே குழம்பிலும் சேர்ப்பார்கள். சர்க்கரை சேர்க்காத கறுப்புச் சாக்லேட் 18 கிராம் தின்றாலே உங்கள் நாய்க்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் தொடங்கலாம். உள்ளூர் வில்லையில் சர்க்கரை கலந்திருப்பதால் அளவு சற்றுக் கூடும், ஆனால் எவ்வளவு கலந்தார்கள் என்பது வீட்டுக்கு வீடு வேறு.

நீங்கள் சைவமா என்று சொல்லவில்லை. சைவமானால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். வாஹாக்காவின் புகழ்பெற்ற த்லயூதா, அதாவது முறுகச் சுட்ட அகலமான தொர்த்தீயா, முதலில் அசியெந்தோ என்ற பன்றிக் கொழுப்பு தடவித்தான் வரும். ‘சின் அசியெந்தோ’ என்று சொன்னால் தடவாமல் தருவார்கள். பீன்ஸ் விழுதிலும் கொழுப்பு இருக்கிறதா என்று தனியாகக் கேளுங்கள். பழக்கடையில் அந்நியமாக உணர மாட்டீர்கள். கொய்யா, சீதா, பப்பாளி எல்லாம் இந்த மண்டலத்துக்காரர்கள். நம் சப்போட்டாவின் பெயரே மெக்சிகோவின் பழங்குடி மொழியான நாவாத்லின் ‘த்சபோத்ல்’ ஸ்பானியம் வழியாக நம்மிடம் வந்ததுதான்.

இனி வெளியே போவது. வாரத்தை அங்கே சந்தைகளால் எண்ணுவார்கள். புதன் எத்லா, வியாழன் ஸாச்சீலா, வெள்ளி ஒக்கோத்லான், ஞாயிறு த்லாக்கோலூலா. உங்களுக்கு ஞாயிறுச் சந்தைதான் பக்கம். காலை ஒன்பதுக்குள் போய்விடுங்கள், பதினொன்றுக்கு மேல் நடக்க இடம் இருக்காது. தக்காளி, மிளகாயெல்லாம் எடை போடாமல் கூறு கட்டி வைத்திருப்பார்கள், விலை கூறுக்குத்தான். 500 பேசோ தாளை நீட்டினால் சில்லறை இருக்காது. இருபதும் ஐம்பதுமாகக் கொண்டுபோங்கள். தேஹாத்தே என்ற குளிர்பானத்தைத் தவறவிடாதீர்கள். சோளமும் கொக்கோவும் மாமேய்ப் பழக்கொட்டையும் ஒருவகைப் பூவும் சேர்த்து அரைத்தது, மேலே வெள்ளை நுரை மிதக்கும்.

அந்தச் சந்தைக்கு நாயைக் கூட்டிப்போகாதீர்கள். கால் கட்டிய வான்கோழிகள் தரையில் கிடக்கும், இறைச்சி சுடும் சந்தில் எலும்பு சிதறியிருக்கும், தலைக்கு மேல் நீலத் தார்ப்பாயின் கயிறுகள் கழுத்துயரத்தில் தொங்கும். ஒரே இழுப்பில் ஒரு கடை சாய்ந்துவிடும். பகிர்வு டாக்ஸியான கொலெக்தீவோவிலும் ஐந்து பேர் நெருக்கி உட்காருவார்கள். நாயோடு போக வேண்டுமானால் ஓட்டுநரிடம் முன்கூட்டியே கேட்டு, நாய்க்கும் ஓர் இருக்கைக் கட்டணம் கொடுங்கள்.

தொல்லியல் இடங்களான மித்லா, யாகுல், மோந்தே அல்பான் மூன்றிலும் செல்லப்பிராணிகளுக்கு அனுமதி இல்லை. இருவர் என்பதால் ஒருவர் உள்ளே, ஒருவர் வெளியே நிழலில் என்று மாற்றிக்கொள்ளலாம். காருக்குள் நாயை விட்டுப் போக வேண்டாம், ஏப்ரல் வெயிலில் கால் மணி நேரமே அதிகம். சாந்தா மரீயா தெல் தூலேயில் உள்ள அவேவேத்தே மரத்தின் அடிமரச் சுற்றளவு சுமார் 42 மீட்டர், பார்த்தே ஆக வேண்டும். தேயோதித்லான் தெல் வாயேயில் கம்பளி விரிப்பு நெய்கிறார்கள். சிவப்புச் சாயம் சப்பாத்திக்கள்ளியில் வளரும் கொச்சினில் பூச்சியிலிருந்து, நீலம் அவுரியிலிருந்து. நெசவு வீட்டுக்குள் நாயை விடக் கூடாது, காயப்போட்ட நூல்கண்டு கண்ணில் பட்டால் போதும். இயெர்வே எல் ஆகுவா என்பதற்கு ‘தண்ணீர் கொதிக்கிறது’ என்று பொருள், ஆனால் ஊற்று குளிர்ந்ததுதான். பாறைச்சரிவில் அருவி உறைந்தது போலத் தெரிவது நீரில் கரைந்த சுண்ணம் படிந்து உண்டானது. மித்லாவிலிருந்து பிக்கப் வண்டிகள் போகும், ஆள் நிரம்பினால்தான் கிளம்பும்.

நாய்க்கு உண்மையில் ஏற்ற இடம் வடக்கு மலைத்தொடரின் பைன் காடு. அங்கே எட்டு ஊர்கள் சேர்ந்து காட்டையும் நடைபாதைகளையும் நிர்வகிக்கின்றன. அவற்றில் ஒன்றான குவாஹிமோலோயாஸ் கிட்டத்தட்ட 3,200 மீட்டர் உயரம். உங்கள் ஊரோ 1,600 மீட்டரை ஒட்டியது. முதல் நாள் மெதுவாக நடங்கள், மாலையில் கம்பளி வேண்டும். ஆடு மேய்க்கும் காடு அது, கயிற்றை அவிழ்க்காதீர்கள். நாய்க்கு அனுமதி உண்டா என்று வழிகாட்டி அலுவலகத்தில் முதலில் கேளுங்கள். நான்கு மணி நேர நடைக்கு நாய்க்கு மட்டும் ஒரு லிட்டர் தண்ணீர்.

பள்ளத்தாக்கில் வயலோர நடைக்கு ஒரு சிறு பை தயார் செய்யுங்கள்: தட்டை இடுக்கி, பல் அகலமான சீப்பு, அகல ஒட்டுநாடா, உப்புநீர்ப் புட்டி. சப்பாத்திக்கள்ளியின் பெரிய முள்ளை இடுக்கியால் பிடுங்கலாம். மயிர் போன்ற சிறு முட்களைக் கையால் தேய்த்தால் ஆழப் போகும். ஒட்டுநாடாவை அழுத்தி உரித்தெடுக்க வேண்டும். மெஸ்கால் என்ற மதுவை வடிக்கும் ஆனைக்கற்றாழைத் தோட்டத்தில் நாயை ஓட விடாதீர்கள். இலை நுனி முள் சரியாக அதன் கண் உயரத்தில் நிற்கும்.

சிறு காயத்தையும் இப்போது அலட்சியம் செய்ய முடியாது. உயிருள்ள சதையைத் தின்னும் துளைப்புழு ஈயை மெக்சிகோ 1991-இல் ஒழித்திருந்தது. 2024 நவம்பரில் அது பக்கத்து மாநிலமான சியாபாஸில் மீண்டும் கண்டறியப்பட்டு, வாஹாக்காவுக்கும் பரவியது. ஈ புண்ணின் விளிம்பில் முட்டையிடும், ஒரு நாளுக்குள் பொரியும். உண்ணி கடித்த துளையே போதும். தினமும் மாலையில் காதின் உள்மடல், விரலிடை, வால் அடி என்று தடவிப் பாருங்கள். புண் இருந்தால் கழுவி மூடிக் கட்டுங்கள். புழுவைக் கண்டால் நீங்களே பிடுங்கிப் போடாமல் கால்நடை மருத்துவரிடம் போங்கள். அவர் செனாசிகாவுக்குத் தெரிவிக்க வேண்டும். அமெரிக்கா திரும்பும்போதும் இந்தப் புழு இல்லை என்று, புறப்படுவதற்கு 5 நாட்களுக்குள் பரிசோதித்து அரசுக் கால்நடை அதிகாரி கையெழுத்திட்ட சான்று வேண்டியிருக்கும். உண்ணிக்கு மாத்திரையோ கழுத்துப்பட்டையோ ஒரு மாதமும் தவறக் கூடாது. நாயால் மனிதருக்கு வெறிநோய் பரவுவதை ஒழித்த நாடு என்று 2019-இல் உலக சுகாதார அமைப்பு மெக்சிகோவை அங்கீகரித்தது. ஆனால் வவ்வாலிடம் வெறிநோய் இன்னும் இருக்கிறது, தடுப்பூசி ஆண்டுதோறும் தேவை. அரசே முகாம் நடத்தி இலவசமாகப் போடுகிறது. தேளுக்குக் கட்டிலைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போடுங்கள், காலணியைத் தட்டிவிட்டுப் போடுங்கள்.

வேலியைப் பற்றி: நாணல் வேலியை நாய் மூக்காலேயே விலக்கிவிடும். கம்பி வலையை அடியில் ‘ட’ வடிவில் உள்பக்கமாக 30 சென்டிமீட்டர் மடக்கிப் புதையுங்கள். தோண்டுகிற நாய் வேலியோரத்தில்தான் தோண்டும், வலையில் நகம் பட்டதும் நிறுத்திவிடும். கோழிப் பழக்கத்துக்கு அவசரப்படக் கூடாது. கோழி வலைக்குள் இருக்கட்டும், நாய் கயிற்றில் பத்து மீட்டர் தள்ளி. கோழியைப் பார்த்துவிட்டு உங்களைத் திரும்பிப் பார்த்த அந்த நொடியில் தீனி. ஒரு நாளைக்கு இரு முறை, பத்துப் பத்து நிமிடம். அது அமைதியாக இருந்தால் மட்டும் ஒரு மீட்டர் நெருங்குங்கள். குரைத்தால் நெருங்கியது அதிகம் என்று பொருள், இரண்டு மீட்டர் பின்வாங்குங்கள். மூன்று நான்கு வாரம் ஆகும். அதற்குள் ஒருமுறை கோழியைப் பிடித்துவிட்டால் பிறகு கயிறு இல்லாமல் நம்பவே முடியாது.

பிடித்துவிட்டால் ஒளிக்காதீர்கள். அன்றே போய்ச் சொல்லி, கேட்ட விலையைக் கொடுங்கள். முட்டையிடும் கோழிக்குக் கூடுதலாகக் கேட்பார்கள், நியாயம்தான். மாநிலத்தின் 570 நகராட்சிகளில் நானூறுக்கு மேற்பட்டவை தங்கள் மரபு முறைப்படி ஊர்ச்சபை கூட்டித் தலைவர்களைத் தேர்ந்தெடுப்பவை. தகராறும் ஊர் அதிகாரியிடம்தான் தீரும். தெக்கியோ என்ற ஊர்ப்பணிக்கு அழைத்தால் மண்வெட்டியோடு போய் நில்லுங்கள். தெருவில் எதிர்ப்படும் எவருக்கும் ‘புவெனோஸ் தீயாஸ்’ என்று காலை வணக்கம் சொல்லாமல் கடக்காதீர்கள்.

வாண வெடிதான் கடைசிப் பெரிய விஷயம். ஊர்க் காவல் புனிதரின் திருவிழா, டிசம்பர் 12 குவாதலூப்பே மாதா விழா, 16 முதல் 24 வரை போசாதா என்ற கிறிஸ்துமஸ் ஊர்வலங்கள். விடியற்காலை ஐந்து மணிக்கே வெடிக்கும். அந்த ஊரில் பிறந்த நாய் தூங்கும், உங்கள் நாய் வேலியைத் தாண்டி ஓடும். திருவிழாத் தேதியை வந்ததுமே கேட்டு வையுங்கள். முந்தின மாலையே நன்றாக நடக்கவிட்டு, ஜன்னல் குறைந்த உள்ளறையில், விசிறி ஓடும் சத்தத்தோடு வையுங்கள். கழுத்துப்பட்டையில் உள்ளூர்த் தொலைபேசி எண் பொறித்த தகடு இரவிலும் இருக்கட்டும். மிகவும் நடுங்கும் நாய்க்கு மருத்துவர் மாத்திரை தருவார். அதை விழாவுக்கு முன் சாதாரண நாளில் ஒருமுறை கொடுத்துப் பாருங்கள்.

ஓடிவிட்டால் வண்டி எடுத்துத் தேடும் முன் ஊர் ஒலிபெருக்கிக்குப் போங்கள். பார்பக்கோவா என்ற இறைச்சி உணவின் விற்பனை, எரிவாயு வண்டி வருகை எல்லாம் அறிவிக்கும் வீடு ஒன்று எல்லா ஊரிலும் உண்டு. சிறு தொகை வாங்கிக்கொண்டு உங்கள் அறிவிப்பையும் சொல்வார்கள். நிறம், உயரம், கழுத்துப்பட்டை, உங்கள் வீட்டுக்கு அடையாளம், சன்மானம் இவ்வளவையும் ஸ்பானியத்தில் ஒரு தாளில் இப்போதே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். காலை ஏழுக்குள் ஒருமுறை, எல்லாரும் வயலிலிருந்து திரும்பிய மாலையில் ஒருமுறை சொல்லச் சொல்லுங்கள்.